8,000 டொலர் படகுக்கு வருசா வருசம் எவ்வளவு?

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். உங்கள் பத்திரிகையின் கோடைகாலப் பக்கத்தில் பாய்மரப் படகு வாங்குவது பற்றி வந்த கட்டுரையை வாசித்தேன். முதலில் சந்தோசம்தான். ஒன்ராறியோ ஏரிக் கரையில் இவ்வளவு தமிழ்ச் சனம் குடியிருந்தும், ஏரி என்றால் கரையில் நின்று படம் எடுத்துவிட்டு வீட்டுக்குப் போவதோடு சரி என்று இருக்கிறோமே என்கிற குறை எனக்கு நெடுநாளாக உண்டு. ஆனால் அதில் வந்த ஒரு வரி, ஒரு பழைய கார் வாங்கும் காசுக்கு ஒரு பாய்மரப் படகை வாங்கி, கொட்டேஜ் (ஏரிக்கரை விடுமுறை வீடு) வாங்க வசதியில்லாத குடும்பம்கூடக் கோடையைத் தண்ணீரில் கழிக்கலாம் என்பது, எனக்குப் பயத்தைத் தந்தது. அந்த வரியை நம்பி இந்தப் புரட்டாசி மாதத்திலேயே யாராவது 8,000 டொலரை எடுத்துக்கொண்டு மரினாவுக்கு, அதாவது படகுத்துறைக்கு, போய்விடுவார்கள். போகட்டும், ஆனால் கணக்கு முழுவதையும் தெரிந்துகொண்டு போகட்டும் என்றுதான் இதை எழுதுகிறேன். கொஞ்சம் நீளமாகத்தான் இருக்கும். தயவுசெய்து வெட்டாமல் போடுங்கள்.

என்னிடம் இருப்பது 1970களில் கட்டப்பட்ட 27 அடி சி அண்ட் சி படகு. ஸ்காபரோ புளஃபர்ஸ் பார்க்கில் நிற்கிறது. இந்த ஏரியில் எந்தத் துறைக்குப் போனாலும் இந்தப் பெயருள்ள பழைய படகுகள் வரிசையாக நிற்கும், அதற்குக் காரணம் இருக்கிறது. ஜோர்ஜ் கத்பேட்சன், ஜோர்ஜ் கேசியன் என்ற இரண்டு பேர் வரைந்த 'ரெட் ஜாக்கெற்' என்ற 40 அடிப் படகு 1968ல் அமெரிக்கர்களின் புளொரிடா பந்தயத் தொடரை வென்றது. அடுத்த வருசமே அவர்களும் இங்கே படகு கட்டிய வேறு சிலரும் சேர்ந்து சி அண்ட் சி கம்பனியைத் தொடங்கினார்கள். 1970களில் ஒன்ராறியோவிலிருந்து ஆயிரக்கணக்கில் படகுகள் இறங்கின. இது தவிர விற்பியில் கட்டிய அல்பேர்க் 30, ஹின்ரஹோலர் என்பவர் 1959ல் வரைந்த ஷார்க் 24 என்று வேறும் கனக்க உண்டு. நயாகரா ஒன் த லேக்கில் இருந்த சி அண்ட் சி தொழிற்சாலை 1994ல் எரிந்துபோனது. கட்டிய படகுகள் மட்டும் இன்னும் மிதக்கின்றன. பைபர் கிளாஸ் உக்காது, துருப்பிடிக்காது, நன்னீரில் உப்பும் இல்லை. அதனால்தான் ஐம்பது வயதுப் படகு 8,000 டொலருக்கும், சில நேரம் அதிலும் குறைவாகவும் கிடைக்கிறது.

காரைநகர் சீநோரின் பைபர் படகுகளைப் பார்த்து வளர்ந்தவர்கள் நம்மில் பலர். பைபர் என்றால் அழிவில்லை என்ற எண்ணம் நமக்குள் ஊறிப்போயிருக்கிறது. உடம்புக்கு அது பெரும்பாலும் உண்மையும்கூட. ஆனால் பாய்மரப் படகு என்பது அந்த உடம்பு மட்டும் இல்லையே. பாய்மரம், அதைப் பிடித்து நிற்கும் கம்பிகள், பாய்கள், இஞ்சின், வயர், பற்றரி, தண்ணீர் வால்வுகள், டெக்கில் (மேல்தளத்தில்) பூட்டியிருக்கும் நூற்றுக்கணக்கான ஆணிகள் எல்லாவற்றுக்கும் ஆயுள் உண்டு. ஐம்பது வருசப் படகில் இவை எல்லாம் ஒரு முறையாவது, சில இரண்டு மூன்று முறையாவது மாற்றப்பட்டிருக்க வேண்டும். மாற்றப்படவில்லை என்றால் மாற்றப்போவது நீங்கள்தான்.

முதலில் வருசச் செலவைச் சொல்கிறேன், ஏனென்றால் விற்கிறவர்கள் யாரும் இதைச் சொல்வதில்லை. 27 அடிப் படகுக்கு, ரொறன்ரோவின் கிழக்குப் பக்கத்தில், மே மாதத்திலிருந்து ஒக்ரோபர் வரை கட்டி வைக்க, இடத்தைப் பொறுத்து 2,500 இலிருந்து 3,500 டொலர் வரை வைத்துக்கொள்ளுங்கள். பிறகு குளிர்காலம். துறைத் தண்ணீர் உறையும் ஊரில் படகைத் தண்ணீரில் விட முடியாது. கிரேன் வைத்துத் தூக்க வேண்டும், பாய்மரத்தைக் கழற்ற வேண்டும், கரையில் ஆறு மாதம் நிறுத்த வேண்டும், வசந்தத்தில் திரும்ப இறக்க வேண்டும். இதற்கு 1,000 இலிருந்து 1,500. காப்புறுதி சில நூறு டொலர். அடிப்பாகத்துக்குப் பூசும் பெயின்ற், இஞ்சின் எண்ணெய், தண்ணீர்க் குழாய்களுக்குள் விடும் இளஞ்சிவப்பு அன்ரிஃபிறீஸ், உலோகப் பாகங்களை அரிப்பிலிருந்து காக்கும் மக்னீசியம் அனோட் (நன்னீருக்கு மக்னீசியம்தான், கடல் ஆட்கள் சொல்கிறார்கள் என்று சிங்க் வாங்கிவிடாதீர்கள்), காலாவதியாகும் அவசரச் சுடர்கள் எல்லாம் சேர்ந்து இன்னும் 400, 500 டொலர். ஆக, ஒன்றும் உடையாத வருசத்திலேயே ஐயாயிரம் டொலர் அளவில் போகிறது. வேலை முழுவதையும் நீங்களே செய்தால்தான் இந்தத் தொகை. படகு திருத்தும் யார்டில் ஆள் வைத்துச் செய்தால் மணிக்கு நூறு டொலருக்கு மேல் கேட்பார்கள்.

இதற்கு மேல் ஒன்று இருக்கிறது, அதைத்தான் நான் முக்கியமாகச் சொல்ல வந்தேன். உடையப்போகும் சாமான்களுக்கு வருசா வருசம் ஒதுக்கி வைக்க வேண்டிய காசு. பெரிய பாய் ஒன்று புதிதாகத் தைத்தால் 2,000 இலிருந்து 3,000 டொலர். முன்பாயும் கிட்டத்தட்ட அவ்வளவுதான். பாய்மரக் கம்பிகள் முழுவதையும் மாற்றினால் 3,000 தாண்டும், ஐயாயிரம் வந்தாலும் ஆச்சரியமில்லை. பழைய பெற்றோல் இஞ்சினைக் கழற்றிவிட்டுப் புது டீசல் வைப்பது என்று போனால் 15,000 டொலர், அதாவது நீங்கள் வாங்கிய படகின் விலையைப் போல கிட்டத்தட்ட இரண்டு மடங்கு. இவை எல்லாம் ஒரே வருசத்தில் வராது, ஆனால் பத்து வருசத்துக்குள் பெரும்பாலானவை ஒவ்வொன்றாக வரும். அதனால் வருசத்துக்கு ஒரு 2,000 டொலரையாவது தனியாக எடுத்து வைக்காதவர் படகை வைத்திருக்க முடியாது. எல்லாம் கூட்டினால் வருசம் 7,000 டொலர். வாங்கிய விலையை ஏறக்குறைய ஒவ்வொரு வருசமும் திரும்பக் கொடுக்கிறீர்கள்.

படகின் விலையில் பத்தில் ஒரு பங்கு வருசப் பராமரிப்புக்குப் போகும் என்று ஒரு பொதுக்கணக்கு எல்லா இடத்திலும் சொல்லப்படுகிறது. புதுப் படகுக்கு அது சரியாக இருக்கலாம். பழைய படகுக்கு அதைப் பொருத்திப் பார்த்தால் 8,000 டொலர் படகுக்கு வருசம் 800 டொலர் என்று வரும், அதை நம்பித்தான் சனம் அகப்படுகிறது. பாய் தைக்கிறவர் நீங்கள் படகை என்ன விலைக்கு வாங்கினீர்கள் என்று கேட்டுவிட்டு விலை சொல்வதில்லை. பாயின் பரப்பை அளந்துதான் சொல்கிறார். கம்பியும், பெயின்றும், துறையில் இடமும் அப்படித்தான். படகின் நீளமும் எடையும்தான் செலவைத் தீர்மானிக்கின்றன, வாங்கிய விலைக்கு அதில் இடமே இல்லை. இன்னொன்று, நீளம் கொஞ்சம் கூடினால் செலவும் கொஞ்சம்தான் கூடும் என்று நினைக்காதீர்கள். 27 அடி சி அண்ட் சி ஐயாயிரத்துச் சொச்சம் இறாத்தல். அதே கம்பனியின் 35 அடிப் படகு பத்தாயிரத்தைத் தாண்டுகிறது. எட்டு அடிதான் வித்தியாசம், ஆனால் எடை இரண்டு மடங்கு, கயிறும் கப்பியும் பாயும் நங்கூரமும் எல்லாமே அந்த எடைக்கு ஏற்றபடி பெரிதாக வேண்டும். பழைய 35 அடிப் படகுகள் சில நேரம் 27 அடிப் படகின் விலைக்கே விற்பனைக்கு வருவது ஏன் என்று யோசித்துப் பாருங்கள். உள்ளே நிமிர்ந்து நிற்கலாம், ஆறு பேர் படுக்கலாம் என்று மனைவி பிள்ளைகளும் ஆசைப்படுவார்கள். வேண்டாம் என்று சொல்லுங்கள்.

இனி எதைப் பார்த்து வாங்குவது என்ற விசயம். எனக்குக் கேட்டால் இஞ்சினுக்கு முன்னால் டெக்கைப் பாருங்கள் என்பேன். அந்தக் காலத்துப் படகுகளின் டெக் முழுக்க பைபர் இல்லை. மேலே ஒரு பைபர் தோல், கீழே ஒரு பைபர் தோல், நடுவில் பால்சா என்ற பாரமில்லாத மரம். எடை குறைவாகவும் உறுதியாகவும் இருக்கும், அருமையான வேலை. ஆனால் அந்த டெக்கில் துளை போட்டுப் பூட்டிய ஒவ்வொரு ஆணியைச் சுற்றியும் இருக்கும் பசை பத்துப் பதினைந்து வருசத்தில் காய்ந்து வெடிக்கும். அந்த வழியாக மழைத்தண்ணீர் சொட்டுச் சொட்டாக உள்ளே போகும். மேலே இருந்து பார்த்தால் ஒன்றும் தெரியாது. ஸ்குறூ ட்றைவரின் பிளாஸ்ரிக் பிடியால் ஒரு அங்குலத்துக்கு ஒரு தட்டு என்று தட்டிக்கொண்டு போக வேண்டும். நல்ல இடத்தில் 'டக் டக்' என்று கூர்மையாகக் கேட்கும், ஊறிய இடத்தில் 'தொப்' என்று செத்த சத்தம் வரும். காது அதை உடனே பிடித்துவிடும், பயிற்சி தேவையில்லை. கைப்பிடிக் கம்பிகளின் அடி, பாய்மரம் நிற்கும் இடம், கம்பிகள் டெக்குக்குள் இறங்கும் இடம், இந்த மூன்றையும் தவறாமல் தட்டுங்கள்.

என் படகில் ஒரு கைப்பிடிக் கம்பியின் அடியைக் கழற்றியபோது துளையிலிருந்து தேயிலைச் சாயம் மாதிரி மண்ணிறத் தண்ணீர் வடிந்தது. புளித்த மணம். விரலை விட்டுப் பார்த்தால் பால்சா, தண்ணீர் கூடிப்போன பிட்டு மா போல விரலோடு வந்தது. சுற்றி ஒரு தட்டு அகலத்துக்கு மேல்தோலை வெட்டி எடுத்து, ஊறிய மரத்தைச் சுரண்டி, வாரக்கணக்கில் காயவிட்டு, புதுப் பால்சாவை எபொக்ஸியால் (கல் போல இறுகும் பசை) ஒட்டி, மேலே பைபர் துணி போட்டு மூடினேன். சாமான் செலவு சில நூறு டொலர்தான். ஆனால் எபொக்ஸி இறுகச் சூடு வேண்டும், பத்துப் பாகைக்குக் கீழே அது மனம் இரங்காது, ஸ்காபரோவில் ஏப்ரல் மாதம் எப்படி இருக்கும் என்று உங்களுக்குத் தெரியும். அதனால் வசந்தத்தின் நல்ல சனி, ஞாயிறுகள் எல்லாம் அந்த ஒரு தட்டு அகல இடத்துக்கே போயின. டெக் முழுவதும் இப்படி ஊறியிருந்தால், யார்டில் கொடுத்துச் செய்ய 20,000 டொலரும் போதாது. அந்தப் படகை யார் எவ்வளவுக்குத் தந்தாலும் வாங்க வேண்டாம். ஊறாத டெக்கை ஊறாமல் வைத்திருக்க வழி இருக்கிறது: ஒவ்வொரு ஆணியையும் கழற்றி, துளையை அகலமாகத் துளைத்து, அதை எபொக்ஸியால் நிரப்பி, இறுகிய பிறகு அதன் நடுவில் திரும்பத் துளை போட்டு, பியூற்றில் ரேப் (தண்ணீர் புகாமல் அடைக்கும் ஒட்டு நாடா) வைத்துப் பூட்டுங்கள். பிறகு ஆணி மரத்தைத் தொடாது, தண்ணீர் வந்தாலும் மரத்துக்குப் போகாது. ஒரு குளிர்காலத்துக்குப் பத்து ஆணி என்று செய்தாலே போதும். முன்பு வைத்திருந்தவர் இதைச் செய்திருந்தால், அந்தப் படகுக்கு 4,000 டொலர் கூடுதலாகக் கொடுத்தாலும் உங்களுக்கு லாபம்.

கீல், அதாவது படகு சாயாமல் அடியில் பூட்டியிருக்கும் பாரம், அதைப் பற்றியும் ஒரு சொல். சி அண்ட் சி படகுகளில் உடம்பும் ஈயக் கீலும் சேரும் இடத்தின் முன்பக்கத்தில் ஒரு வெடிப்பு வரும். வளைந்த கோடாக, பார்க்கிறவர் பயந்துபோவார். கீல் ஆணிகளை, படகு கரையில் தன் எடையில் நிற்கும்போது, சரியான அளவுக்கு இறுக்கி வெடிப்பை நிரப்பினால் பெரும்பாலும் அடங்கிவிடும். உள்ளே, படகின் அடியில் தெரியும் அந்த ஆணிகளின் தலைகள் துருப்பிடித்துக் கரைந்திருந்தால் மட்டும் விலகி நடவுங்கள்.

கம்பிகளுக்கு வருவோம். நன்னீரில் கம்பி கடலைவிட நெடுங்காலம் நிற்கும் என்பது உண்மை. ஆனால் எத்தனை வருசம் என்று யாராலும் கையடித்துச் சொல்ல முடியாது, கம்பி பெரும்பாலும் சொல்லிக்கொண்டு உடைவதில்லை. கம்பியின் முனையில் நசுக்கிப் பூட்டிய குழல் இருக்கிறதல்லவா, அதன் வாயில் ஒரு இழை அறுந்து முள்ளாக நின்றாலும் அந்தக் கம்பியின் காலம் முடிந்தது. பழைய துணியால் கம்பியைத் துடைத்துக்கொண்டு போங்கள், இழை இருந்தால் துணி மாட்டும். கை வைத்துத் தடவாதீர்கள், கிழிக்கும். பாய்களைப் பார்க்கிறபோது துணியைவிட தையலைப் பாருங்கள், வெயில் முதலில் தின்பது நூலைத்தான். நகத்தால் கீறினால் நூல் பொடியானால் அது நல்ல செய்தி, துணி இன்னும் திடமாக இருக்கிற பட்சத்தில் சில நூறு டொலருக்குத் திரும்பத் தைத்துவிடலாம். துணியே தொய்ந்து வடிவம் இழந்திருந்தால்தான் புதுப் பாய்.

இஞ்சின் என்றால் அந்தக் காலப் படகுகளில் அதிகம் இருப்பது அற்றோமிக் ஃபோர். விஸ்கொன்சினில் யுனிவேர்சல் கம்பனி 1947 முதல் 1980களின் நடுவரை நாற்பதாயிரம் அளவில் செய்த நாலு சிலிண்டர் பெற்றோல் இஞ்சின். பலர் இதைப் பார்த்ததும் முகம் சுளிப்பார்கள். எனக்கு இது பிடிக்கும். உதிரிப்பாகம் இன்றும் கிடைக்கிறது, ஊரில் மோட்டர் சைக்கிள் கழற்றிப் பூட்டிய கைக்கு இது கஷ்டமே இல்லை. இரண்டு விசயத்தில் மட்டும் விளையாடக் கூடாது. பெற்றோல் ஆவி காற்றைவிடப் பாரம், படகின் அடியில் போய்ப் படுத்திருக்கும், அதனால் இஞ்சினைத் தொடும் முன் காற்றூதியை நாலு நிமிடமாவது ஓடவிட வேண்டும், மூக்கை வைத்து மணக்கவும் வேண்டும். இரண்டாவது, ஒக்ரோபரில் இஞ்சினுக்குள் இருக்கும் ஏரித் தண்ணீரை வடித்து அன்ரிஃபிறீஸ் விடாமல் போனால் தை மாதக் குளிரில் இரும்பு வெடிக்கும். அதைத் திருத்துவது லேசான வேலை இல்லை. விற்கிறவரிடம், சென்ற குளிர்காலத்துக்கு முன் யார் இதைச் செய்தார்கள் என்று கேளுங்கள். பில் காட்டினால் மெத்த நல்லது.

இதையெல்லாம் பார்க்க ஒரு சேர்வேயரை, அதாவது படகைச் சோதித்து அறிக்கை தரும் ஆளை, வைப்பதுதான் முறை. அடிக்கு 20, 30 டொலர் கேட்பார், 27 அடிக்குக் கூடினால் எண்ணூறு டொலர் அளவில் வரும். 8,000 டொலர் படகுக்கு 800 டொலர் சேர்வேயா என்று கையைப் பின்னுக்கு இழுக்க வேண்டாம், எப்படியும் இவ்வளவு வயதான படகுக்குக் காப்புறுதிக் கம்பனிகள் சேர்வே கேட்கும், பல மரினாக்கள் காப்புறுதி இல்லாமல் உள்ளே விடா. ஆனால் சேர்வேயரை நீங்கள் பிடியுங்கள், விற்கிறவர் காட்டும் ஆளை வேண்டாம். அவர் தட்டும்போது பக்கத்தில் நின்று பாருங்கள். அந்த இரண்டு மூன்று மணித்தியாலத்தில் ஒரு படகைப் பற்றி நீங்கள் படிப்பது வேறு எங்கும் கிடைக்காது.

உங்கள் கட்டுரையில், இலவசமாகவும் படகுகள் கிடைக்கின்றன என்று ஒரு இடத்தில் எழுதியிருந்தீர்கள். கிடைக்கின்றன. ஏன் தருகிறார்கள் என்று எழுதியிருக்க வேண்டும். படகை ஒழித்துக்கட்டுவதற்குக் காசு வேண்டும், அதனால் தருகிறார்கள். பைபர் கிளாஸை உருக்கித் திரும்ப எடுக்க முடியாது. வெட்டி நொறுக்கிக் குப்பைமேட்டுக்கு அனுப்ப வேண்டும், கிரேன், லொறி, குப்பைக் கட்டணம் எல்லாம் சேர்ந்து ஆயிரக்கணக்கில் போகும், ஈயக் கீலைப் பழைய உலோகக்காரரிடம் விற்றால் அதில் ஒரு பகுதி திரும்பும். எங்காவது கட்டிவிட்டு வந்துவிடலாம் என்றால் அதுவும் முடியாது, கைவிடப்பட்ட கப்பல்கள், படகுகளுக்கான கூட்டாட்சிச் சட்டம் 2019 ஜூலையில் நடைமுறைக்கு வந்தது, படகைக் கைவிடுவது இப்போது குற்றம். எனக்குத் தெரிந்த ஒரு தம்பி, நல்ல உழைப்பாளி, 30 அடிப் படகு ஒன்றை ஒரு யார்டில் இலவசமாக எடுத்தார். படகோடு கிறேடில் வரவில்லை. கரையில் படகை நிறுத்தும் இரும்புச் சட்டம்தான் கிறேடில், இந்த ஊரில் அது இல்லாமல் குளிர்காலமே இல்லை. அதற்கு 2,000 டொலருக்கு மேல் போனது. முந்தியவர் கட்டாத வாடகையையும் இவரிடம் கேட்டார்கள். டெக் ஊறியிருந்தது. கடைசியில் அதை நொறுக்கவும் அவர்தான் காசு கொடுத்தார், ஒரு நாள்கூடப் பாய் விரிக்கவில்லை. அந்தப் பிள்ளைக்கு ஏரி மீதிருந்த ஆசையே போய்விட்டது, எனக்கு அதுதான் காசைவிடப் பெரிய நட்டமாகப் படுகிறது.

கட்டுரையாளர் வல்வெட்டித்துறையில் கட்டி 1938 ஆகஸ்டில் அமெரிக்காவின் குளொஸ்ரர் துறைமுகம் போய்ச் சேர்ந்த அன்னபூரணியைப் பற்றிப் பெருமையாக எழுதியிருந்தார். எனக்கும் அந்தப் பெருமை உண்டு, எங்கள் பக்கத்து ஆட்கள் அவர்கள். ஆனால் அந்தக் கரையில் யாரும் மரக்கலத்தை வாங்கியதோடு வேலை முடிந்தது என்று நினைத்ததில்லை. கரைக்கு இழுத்து, அடியைச் சுரண்டி, கலப்பத்துப் பார்த்து (பலகை இடுக்குகளை அடைத்து), எண்ணெய் பூசி, பாயைத் தைத்துத்தான் திரும்ப இறக்கினார்கள். அந்த வேலையைச் செய்தவர்களின் பேரப்பிள்ளைகள் நம்மிடையே இருக்கிறார்கள், கை வேலைக்குப் பயப்படாத சனம் நாங்கள். அதனால் பழைய படகு நமக்குச் சரிவராது என்று நான் சொல்லவில்லை. நன்றாகவே சரிவரும். வருசம் 7,000 டொலர் என்பது பெரிய காசுதான், ஆனால் ஒரு குடும்பம் ஒரு முறை விமானம் ஏறி விடுமுறைக்குப் போய்வரும் காசும் அதற்குக் கிட்டத்தான் வருகிறது. ஆவணியில் தென்மேற்குக் காற்று எழும் பின்னேரம், இஞ்சினை நிறுத்திவிட்டு, 90 மீற்றர் உயரத்துக்கு வெள்ளையாக நிற்கும் ஸ்காபரோ புளஃப்ஸ் பக்கமாகப் பாய் விரித்துப் போகும்போது என் மகள் கைபேசியைக் கீழே வைத்துவிட்டுச் சுக்கானைக் கேட்டு வாங்குகிறாள். விடிய வெளிக்கிட்டால் மத்தியானம் கழிய ஏரியைக் கடந்து நயாகராப் பக்கம் போய் இரவு படகிலேயே படுக்கலாம். எனக்கு இந்தச் செலவு ஒவ்வொரு சதமும் தகும்.

வாங்குவதற்கு முன் ஒரு கோடை வேறு ஆட்களின் படகில் ஏறிப் பழகுங்கள் என்பதுதான் என் வேண்டுகோள். புளஃபர்ஸ் பார்க்கில் மட்டும் நாலு கிளப்கள் இருக்கின்றன. வாரநாள் மாலைகளில் பந்தயம் ஓடும், ஓடுகிற படகுக்காரர் பலர் கயிறு இழுக்க ஆள் தேடிக்கொண்டேதான் இருப்பார்கள். காசு கேட்க மாட்டார்கள், நேரத்துக்கு வந்தால் போதும். இந்தக் கிளப்கள் பெரும்பாலும் உறுப்பினர்களே வேலை செய்து நடத்துகிறவை, அதனால் தனியார் மரினாவைவிடச் செலவும் குறையும். படகுகளைத் தூக்கும் நாளில் எல்லாரும் வந்து கிரேனுக்குக் கயிறு பிடிப்பார்கள், தெரியாததைச் சொல்லித் தருவார்கள். எங்கள் ஆட்களைப் பார்த்தால் வித்தியாசமாகப் பார்ப்பார்களோ என்று கேட்கிறார்கள். என் அனுபவத்தில், கையில் கையுறையோடு வேலைக்கு வந்த ஆளை யாரும் வித்தியாசமாகப் பார்த்ததில்லை.

இப்போது புரட்டாசி. குளிர்கால வாடகை கட்ட விருப்பமில்லாதவர்கள் விலையைக் குறைக்கும் காலம் இதுதான், அடுத்த சில கிழமைகளில் 8,000 டொலர் படகுகள் 5,000க்கு வரும். பார்க்கப் போகிறவர்கள் தண்ணீரில் நிற்கும் படகைப் பார்த்து முழுக்காசையும் கொடுத்துவிடாதீர்கள். கொஞ்சம் முற்பணம் கொடுத்து, ஒக்ரோபரில் கிரேன் தூக்கும் அன்று அடிப்பாகத்தையும் கீலையும் பார்த்த பிறகே மிச்சம் என்று எழுதி வாங்குங்கள். கிறேடில் விலையோடு சேருமா, இந்தக் குளிர்கால வாடகை யார் கட்டுவது, யார்டுக்குப் பழைய பாக்கி ஏதும் இருக்கிறதா என்ற மூன்று கேள்விக்கும் பதில் அதே கடதாசியில் இருக்க வேண்டும். நேர்மையான ஆள் எழுதித் தர யோசிக்க மாட்டார்.

ஆசிரியர் அவர்களே, இதைக் கிரேன் வரும் முன் போட்டால் நல்லது. அடுத்த கோடைக்கு வாசகர் யாராவது ஒரு படகின் வருசக் கணக்கை வரவு செலவோடு எழுதினால் அதையும் போடுங்கள், என்னுடையதைத் தரவும் நான் தயார்.

அன்புடன்,
ஸ்காபரோ வாசகர் ஒருவர்